ஒரு சுவர், இரண்டு ஒப்பந்தங்கள்

கரிசல் காட்டில் சுவர் கட்டுவது லேசான காரியம் அல்ல. மழை பெய்தால் அந்த மண் உப்பும். கோடை வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். அப்படிப்பட்ட தரையின் மேல் நிற்கும் சுவர் என்ன செய்யும்? அதுவும் கூடவே வெடிக்கும், பிறகு ஒரு பக்கமாகச் சாயும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, கெட்டியான அடித்தரை தட்டும் வரை போய்த்தான் அஸ்திவாரம் போடுவார்கள். வீட்டுக்கே இந்தப் பாடு என்றால் காட்டுக்கு யார் சுவர் வைப்பது?

அதனால் அந்தப் பக்கத்துப் புஞ்சைகளில் எல்லை என்பது பெரும்பாலும் ஒரு வரப்பு, நாலு கல், ஒரு கள்ளி வரிசை, அல்லது இலந்தை முள் வெட்டிப் போட்ட வேலி. பருத்திக்கும் கம்புக்கும் அது போதும். "அண்ணாச்சி, ஏர் ஒரு முழம் இந்தப் பக்கம் வந்திருக்காப்ல தெரியுதே" என்று ஒருத்தர் சொல்ல, "நீங்க வந்து நில்லுங்க, சேர்ந்து பாத்துருவோம்" என்று மற்றவர் சொன்னால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். சொல்லாவிட்டால்தான் முனிசிப் கோர்ட்.

இந்தச் "சேர்ந்து பார்ப்பது" மிகப் பழைய வழக்கம். சோழர் காலத்தில் ஒரு நிலத்தைத் தானமாகக் கொடுத்தால், அதிகாரிகளும் ஊர்க்காரர்களும் ஒரு பெண் யானையை முன்னால் நடக்கவிட்டு, அது சுற்றி வந்த வழியை எல்லையாகக் கொண்டு, கல்லும் கள்ளியும் நட்டார்கள். ஆனைமங்கலம் செப்பேடு, திருவாலங்காட்டுச் செப்பேடு இரண்டிலும் இந்தச் சடங்கு வருகிறது. சிவன் கோவில் நிலம் என்றால் சூலம் பொறித்த கல், பெருமாள் கோவில் நிலம் என்றால் சக்கரம் பொறித்த கல். யானை எதற்கு என்று சிரிக்கலாம். ஆனால் ஊரே கூடி வேடிக்கை பார்த்த ஒன்றை நாளைக்கு யாரும் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது அல்லவா! எல்லைக்குச் சாட்சி கல் அல்ல, கூட நடந்த மனிதர்கள்தான்.

கோவில்பட்டி வட்டாரத்துக்கு எல்லைக் காகிதம் தாமதமாகத்தான் வந்தது. இது பெரும்பாலும் எட்டயபுரம் ஜமீனும் அதைச் சுற்றிய சின்ன ஜமீன்களும் ஆண்ட பூமி. 1803-ல் கம்பெனி ஜமீன்தார்களுக்கு நிரந்தர சன்னது கொடுத்து, இவ்வளவு பேஷ்குஷ் கட்டிவிடு என்று ஒதுங்கிக்கொண்டது. 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசாங்கம் நேரே இறங்கி, அளந்து, குடியானவர் பெயருக்குப் பட்டா எழுதியது. 1923-ன் சர்வே எல்லைச் சட்டம், புல எண், எல்லைக்கல், சர்வேயர் சங்கிலி எல்லாம் பல ஊர்களில் அதற்கப்புறம்தான் முழுதாக அமலுக்கு வந்தன. இன்று ஒரு வீட்டுச் சுவர்த் தகராறு என்றால் பணம் கட்டி, சர்வேயரை வரவழைத்து, புலப்பட வரைபடத்தை வைத்து அளக்கச் சொல்லலாம். அரையடிச் சண்டைக்கு அது போதும்.

அரையடிக்காக இல்லாத சண்டைகளும் உண்டு. நிலம் யாருக்கு என்பது அங்கே கேள்வி அல்ல. யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பது கேள்வி. அதை எந்தச் சங்கிலியால் அளப்பது? இந்த வறண்ட சீமையில் அப்படி ஒரு சண்டை கோர்ட்டுக்குப் போய் எப்படி முடிந்தது, இன்னொன்று ஒப்பந்தத்துக்குப் போய் எப்படி முடிந்தது என்பதைப் பார்க்கலாம்.

முதல் கதை கழுகுமலையில். கோவில்பட்டியிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். வெட்டுவான் கோவிலும் சமணர் சிற்பங்களும் பார்க்க இன்று பஸ் பிடித்துப் போகிற அதே ஊர். 19-ம் நூற்றாண்டில் எட்டயபுரம் ஜமீனுக்குள் இருந்தது. கழுகாசலமூர்த்தி கோவிலும் ஜமீன் பொறுப்பில்தான். வியாபாரத்தில் முன்னேறிக்கொண்டிருந்த நாடார்கள், தேரோடும் வீதிகளில் தங்கள் ஊர்வலம் போக உரிமை கேட்டார்கள். ஜமீன் மறுத்தது. வழக்கு போட்டார்கள், தோற்றார்கள். தோற்றபின் அவர்களில் ஒரு பகுதியினர் ரோமன் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார்கள். தேர் வீதியிலேயே ஒரு வீட்டை வாங்கி அதைச் சிறு கோவிலாக மாற்றி, முன்னால் பந்தலும் போட்டார்கள். வீடு அவர்களுடையது, பத்திரம் அவர்கள் கையில். பந்தல் மட்டும் தெருவில். தேர் வந்தால் பந்தலைத் தாண்ட முடியாது!

பக்கத்துவீட்டுக்காரன் வாசலை நீட்டிவிட்டான் என்று எந்தத் தெருவிலும் நடக்கிற தகராறுதான் இது. ஆனால் இரண்டு பக்கமும் கடவுள் நின்றார். 1895 ஏப்ரல் 7 அன்று குருத்தோலை ஞாயிறும் பங்குனி உத்திரமும் ஒரே நாளில் வந்து தொலைத்தன. தேர் நகர்ந்தது, பந்தலருகே நின்றது, பேச்சு முற்றியது. எட்டயபுரம் எஸ்டேட் மேனேஜர் குத்திக் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்க நாடார் தெருக்கள் சூறையாடப்பட்டு வீடுகள் எரிக்கப்பட்டன. அன்று மாலைக்குள் இரு தரப்பிலுமாகப் பத்துப் பேர் வரை செத்துப்போனார்கள். (எட்டயபுரத்தில் பிறந்த சுப்பையா என்ற பையனுக்கு அப்போது 12 வயது. பிற்காலத்தில் சாதி பற்றி அவர் பாடியதெல்லாம் வானத்திலிருந்து குதித்து வந்தது அல்ல.)

நான்கு வருடம் கழித்து, 1899-ல் சிவகாசிக் கலவரம். அதற்கு முன்பே கமுதியில் கோவில் நுழைவு வழக்கு தொடங்கியிருந்தது. அது படிப்படியாக ஏறி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1908-ல் அங்கேயும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பு. வழக்கம் என்ன என்று மட்டும் கோர்ட் பார்த்தது. வழக்கம் நியாயமா என்று பார்க்கவில்லை. 1939-ல் மதுரை மீனாட்சி கோவிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலித்துகளையும் நாடார்களையும் அழைத்துக்கொண்டு நுழைந்ததும், அதைப் பாதுகாக்கச் சட்டம் வந்ததும், 1947-ன் கோவில் நுழைவுச் சட்டமும்தான் அந்தத் தீர்ப்பைச் செல்லாக்காசு ஆக்கின. லண்டனில் ஜெயித்தவர்களுக்கு அந்த ஜெயிப்பு நாற்பது வருடம்கூடத் தாங்கவில்லை. தோற்றவர்கள் அதற்குள் ஒரு தலைமுறையைத் தாண்டிவிட்டார்கள்.

இரண்டாவது கதைக்குக் கோவில்பட்டியிலிருந்து வடக்கே போக வேண்டும். சாத்தூர், விருதுநகர், டி.கல்லுப்பட்டி தாண்டி, மதுரை மாவட்டம் பேரையூர் தாலுகாவில் எழுமலைக்குப் பக்கத்தில் உத்தப்புரம். அதே வறட்சி, அதே மானாவாரிப் பிழைப்பு. மேற்கே போனால் மலையடிவாரம். ஊரில் முக்கியமாக இரண்டு சமூகம்: பிள்ளைமார், பள்ளர். (பின்னவருக்குத் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயர் 2021-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் அதிகாரபூர்வமானது. 2008 காலத்துச் செய்திகள் "தலித்" என்றே எழுதின, இங்கும் அப்படியே.) இருவருக்கும் இடையே 1948-லும் 1964-லும் மோதல்கள் நடந்தன. 1989-ல் நடந்தது எல்லாவற்றையும்விட மோசம். இரு தரப்பிலும் உயிர்கள் போயின.

அந்த 1989 கலவரத்துக்குப் பிறகுதான் சுவர் எழுந்தது. சுமார் 600 மீட்டர் நீளம். பிள்ளைமார் தெருக்களுக்கும் தலித் தெருக்களுக்கும் நடுவே. ஒரு ஊரில் 600 மீட்டர் சுவர் என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கோட்டையின் ஒரு பக்கச் சுவருக்குச் சமம். அதுவரை குறுக்கே நடந்து மெயின் ரோட்டுக்கும் பஸ்ஸுக்கும் போன ஆட்கள் அன்று முதல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இந்தச் சுவரை "திருட்டுத்தனமாகக் கட்டினார்கள்" என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு ஒரு காகிதம் இருந்தது. கலவரம் அடங்கியதும் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து எழுதிய ஒப்பந்தம் அது என்றும், தலித் பெரியவர்களும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றும் பிள்ளைமார் தரப்பு சொல்லிவந்தது. இரு தரப்பும் அடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் சுவர், இது பாதுகாப்புச் சுவரே தவிர தீண்டாமைச் சுவர் அல்ல என்பது அவர்கள் வாதம். தலித் தரப்பின் பதில் வேறு. வீடு போய், ஆள் போய், கேஸ் விழுந்து, பயத்தில் இருந்த நேரத்தில் வாங்கிய கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்றார்கள். கோவிலும் அரசமரமும் பாதையும் எல்லாம் ஒரு பக்கத்துக்குப் போய், சுவர் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது என்றால் அது என்ன சமாதானம்?

இரண்டு வாதத்தையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 1989-ல் தங்கள் ஆட்களையும் இழந்தவர்கள் பயத்தைச் சொன்னால் அது பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் பயத்துக்குப் போட்ட சுவர், பயம் போனபின்னும் 19 வருடம் நின்றால் அதன் வேலை வேறாகிவிடுகிறது. குழந்தையாக இருந்தவர்கள் கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றுவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 1989 தெரியாது. சுவர் மட்டும் தெரியும்.

2007-ல் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. மார்க்சிஸ்ட் கட்சியின் துணையோடு. அவர்கள் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தபோது உத்தப்புரம் வெளியே வந்தது. 2008 ஏப்ரலில் பத்திரிகைகளில் செய்தி வந்ததும் தமிழ்நாடு திகைத்ததற்குக் காரணம் சுவர் மட்டும் அல்ல, சுவரின் மேலே இருந்த மின்கம்பி. காட்டுப்பன்றிக்குப் போடுகிற மாதிரி! மின்துறை அமைச்சராக இருந்த ஆற்காடு வீராசாமி இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டார். கம்பி போயிற்று. சுவர் நின்றது.

மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் பிரகாஷ் காரத் மே 7-ம் தேதி ஊருக்கு வருவதாக அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தின நாள், 2008 மே 6 காலையில், நூற்றுக்கணக்கான போலீஸ் காவலோடு மாவட்ட நிர்வாகமே வந்து, பொதுப்பாதையை அடைத்திருந்த இடத்தில் சுமார் 15 மீட்டரை இடித்தது. 600-ல் 15. சதவீதக் கணக்குப் போட்டால் இரண்டரை. ஆனால் பாதை என்பது சதவீதத்தில் வருவதல்ல. ஒரு ஆள், ஒரு மாட்டுவண்டி போக இடம் கிடைத்துவிட்டால் சுவர், சுவராக இருந்த காரியம் முடிந்தது.

முடிந்ததா? இல்லை. பிள்ளைமார் குடும்பங்கள் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டே கிளம்பின. பக்கத்தில் தாழையூத்து மலையடியில் போய்த் தங்கினார்கள். ரேஷன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். கோவிலுக்குப் பட்டா வேண்டும், போலீஸ் பாதுகாப்பு வேண்டும், 1989-ல் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவி வேண்டும் என்று கோரிக்கைகள். அதிகாரிகள் மலைக்கும் ஊருக்கும் நடந்து பேசி, சில நாட்கள் கழித்து அவர்களை ஊருக்குத் திரும்ப வைத்தார்கள். கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போவது நம் கிராமங்களில் ஒரு பழைய ஆயுதம். ஜமீன் வரி தாங்காமல் குடியானவர்கள் அப்படிப் போனதுண்டு. இங்கே அதை எடுத்தவர்கள் சுவர் கட்டினவர்கள் என்பதுதான் விசித்திரம்.

அந்த வருட அக்டோபரில் கோவிலை ஒட்டி மறுபடி மோதல். போலீஸ் தலித் தெருவுக்குள் புகுந்து அடித்ததாகப் புகார், ஏராளமான கைதுகள். நவம்பர் 4-ம் தேதி பக்கத்து ஊரான இ.கோட்டைப்பட்டியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு தலித் இளைஞர் செத்துப்போனார். சுவர் உடைந்த ஆறாவது மாதம் இது. உடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவர்கள் இந்தத் தேதியையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே கொஞ்சம் ஊரைவிட்டு வெளியே போய் வரலாம். 1989 என்ற வருடத்தைப் பாருங்கள். அந்த வருடம் செப்டம்பரில்தான் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது. நவம்பர் 9-ல் பெர்லின் சுவர் திறந்தது, உலகமே டி.வி.யில் பார்த்தது. சட்டம் பிறந்த வருடத்தில், சுவர் விழுந்த வருடத்தில், உத்தப்புரத்தில் சுவர் எழுந்தது. ஆனால் உத்தப்புரத்துக்கு பெர்லினை ஒப்பிடுவது மேடைப் பேச்சுக்குத்தான் சரி. பெர்லினில் சுவரைக் கட்டியது அரசாங்கம். இரண்டு பக்கத்து ஜனங்களும் அது போனால் போதும் என்றிருந்தார்கள். உத்தப்புரத்தில் ஒரு பக்கத்து ஜனங்களுக்கே அது வேண்டியிருந்தது.

சரியான ஜோடி வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட். அங்கே கத்தோலிக்கத் தெருவுக்கும் புராட்டஸ்டன்ட் தெருவுக்கும் நடுவே 1969 கலவரத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் முள்கம்பியும் தகரமும் வைத்து மறித்தது. தற்காலிகம் என்று சொல்லித்தான் வைத்தார்கள். பிறகு அது செங்கல்லானது, இரும்பானது, உயரமானது, எண்ணிக்கையில் பெருகியது. அவற்றுக்கு அங்கே வைத்த பெயர் "சமாதானச் சுவர்"! 1998-ல் சமாதான ஒப்பந்தம் வந்தது, சுவர்கள் போகவில்லை. 2013-ல் அந்த மாகாண அரசு, பத்து வருடத்தில், அதாவது 2023-க்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம் என்றது. 2023 வந்து போயிற்று, சுவர்கள் நின்றன. சுவரோரம் குடியிருப்பவர்களின் சம்மதம் இல்லாமல் கை வைக்க முடியாது என்பது காரணம். அலெக்சாண்ட்ரா பார்க் என்ற பூங்காவையே 1994-ல் இரும்புச் சுவரால் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். 2011 செப்டம்பரில் அதில் ஒரு கதவு வைத்தார்கள். பகலில் திறப்பது, பிறகு பூட்டுவது என்று ஏற்பாடு.

2011 செப்டம்பர் அங்கே கதவு. அடுத்த மாதம் உத்தப்புரத்தில் ஒப்பந்தம்.

2011 அக்டோபர் 20. மதுரை மாவட்ட எஸ்.பி. அலுவலகம். எஸ்.பி.யாக இருந்தவர் அஸ்ரா கார்க். நாலைந்து வருடமாகக் கோர்ட்டிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் மாத்திரமே சந்தித்துக்கொண்ட இரு தரப்புப் பெரியவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கையெழுத்திட்டார்கள். முத்தாலம்மன் மாரியம்மன் கோவிலில் தலித்துகள் வந்து கும்பிடலாம். அதே சமயம் கோவில் நிர்வாகம் பிள்ளைமாரிடமே இருக்கும், அதைத் தலித் தரப்பு ஏற்கும். சுவர் திறந்த இடத்தில் பாதையைத் தடையில்லாமல் பயன்படுத்தலாம். பஸ் நிற்கும் இடத்தில் நிழற்குடை கட்டிக்கொள்ளலாம். ஒருவர் மேல் ஒருவர் போட்ட வழக்குகளை முடித்துக்கொள்ள வழி பார்க்கலாம். இவைதான் சாராம்சம்.

நிழற்குடை என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு ஒரு கூரை, இதற்கு ஒப்பந்தமா? ஆனால் கூரை போட்டால் உட்கார ஒரு திண்டு வரும். திண்டு வந்தால் யார் யார் பக்கத்தில் உட்காருவது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு ஊர் வருடக்கணக்காக வெயிலில் நின்றது. பெரிய சுவரைப் படம் எடுத்துப் போட்ட பத்திரிகைகளில் பாதி இந்தச் சின்னக் கூரையைக் கவனிக்கவில்லை.

நவம்பர் 10-ம் தேதி தலித் மக்கள் கோவிலுக்குள் போனார்கள். போலீஸ் காவல் இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள். தேங்காய் உடைத்தார்கள், விபூதி வாங்கினார்கள், வெளியே வந்தார்கள். கழுகுமலையில் 1895-ல் நடக்காதது இங்கே 2011-ல் நடந்தது.

1989 ஒப்பந்தத்தையும் 2011 ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன வித்தியாசம்? ஊர் அதே ஊர். சமூகங்கள் அதே சமூகங்கள். இரண்டிலும் இரு தரப்புக் கையெழுத்து. இரண்டுமே கலவரத்துக்குப் பின்னால் வந்தவை. இரண்டிலும் ஒரு தரப்பு எதையோ விட்டுக்கொடுத்தது.

முதல் வித்தியாசம், மேஜை. 1989-ல் தலித்துகளுக்குப் பின்னால் யாரும் இல்லை. சுற்றுவட்டாரப் பெரிய மனிதர்கள் இருந்திருக்கலாம், ஆனால் அவர்கள் யாருடைய பெரிய மனிதர்கள்? 2011-ல் ஒரு அமைப்பு இருந்தது, வக்கீல்கள் இருந்தார்கள், பத்திரிகைகள் பார்த்துக்கொண்டிருந்தன, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 21 வருடமாக அமலில் இருந்தது. "முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போகக்கூடியவன் போடுவதுதான் கையெழுத்து. எழுந்து போக வழியில்லாதவன் போடுவது ரேகை.

இரண்டாவது, 1989 காகிதம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க ஏற்பாடு செய்தது. 2011 காகிதம் ஒரே பாதை, ஒரே கோவில், ஒரே பஸ் ஸ்டாப் என்று பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டது. முதலாவது எளிது, இரண்டாவது கஷ்டம். ஒவ்வொரு நாளும் கஷ்டம்.

மூன்றாவது, பலரும் குறை சொல்வது: கோவில் நிர்வாகத்தை விட்டுக்கொடுத்தது. முழு உரிமை கேட்டிருக்க வேண்டாமா, அரசியல் சட்டம் இருக்கும்போது பேரம் எதற்கு என்பது அந்தக் குறை. கொள்கைப்படி அது சரியான கேள்வி. ஆனால் உள்ளே போய்க் கும்பிடுவதற்கும் நிர்வாகத்தில் பங்குக்கும் சேர்த்துச் சண்டை போட்டிருந்தால், 2011-ல் இரண்டும் கிடைத்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. அவர்கள் எதை முதலில் எடுத்துக்கொள்வது என்று யோசித்து எடுத்திருக்கிறார்கள். அந்த ஊரில் காலையில் எழுந்து அதே பாதையில் நடக்கப்போகிறவர்கள் அவர்கள்தானே, கட்டுரை எழுதுகிறவர்கள் அல்லவே.

அதற்காக 2011-க்குப் பிறகு உத்தப்புரம் ராமராஜ்யமாகிவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். கோவில் அரசமரத்தை ஒட்டி மறுபடியும் தகராறுகள் வந்தன, கோவிலே வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தது, விவகாரம் மதுரை ஹைகோர்ட் கிளைக்கும் போனது. கையெழுத்து போட்ட பெரியவர்கள் காலமாவார்கள்; காகிதத்தை அடுத்த தலைமுறை புதிதாகப் படிக்க வேண்டும். யானை நடந்த எல்லையைக்கூட அவ்வப்போது நடந்து பார்த்தால்தான் ஞாபகம் இருக்கும்.

அதே பேரையூர் தாலுகாவில் சந்தையூர் என்று இன்னொரு ஊர். 2018-ல் அங்கே ஒரு கோவிலைச் சுற்றிய சுவரால் சண்டை. இந்தத் தடவை இரண்டு பக்கமும் பட்டியல் சாதிதான். பறையர் சமூகத்தினர் தங்கள் கோவிலுக்குப் போட்ட சுற்றுச்சுவர் என்றார்கள், அருந்ததியர் எங்களைத் தள்ளிவைக்கும் சுவர் என்றார்கள். அருந்ததியர்கள் ஊரைவிட்டு வெளியேறி மலையடியில் போய் உட்கார்ந்தார்கள். உத்தப்புரத்துப் பிள்ளைமார் செய்ததை இங்கே இந்தப் பக்கம் செய்தது. விவகாரம் ஹைகோர்ட் போய், சுவரின் ஒரு பகுதி அகற்றப்பட்டது. "ஆதிக்கம் அந்தச் சாதியோடு முடிந்துவிடும்" என்று கணக்குப் போட்டவர்களுக்கு சந்தையூர் ஒரு தர்மசங்கடம். அதனாலோ என்னவோ அந்த ஊரைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

2019 டிசம்பர் 2. மேட்டுப்பாளையம் நடூர். விடியற்காலை, விடாத மழை. ஒரு தனியார் வீட்டின் கருங்கல் காம்பவுண்ட் சுவர், சுமார் 20 அடி உயரம், பக்கத்திலிருந்த தலித் குடியிருப்பின் மேல் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவர் ஆபத்தாக இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தோம் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அந்தச் சுவர் நின்றது கட்டியவரின் சொந்த நிலத்தில்தான் என்றே வைத்துக்கொண்டாலும், சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து எல்லை சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். சுவர் எங்கே நிற்கிறது என்று அளக்கத்தான் அவருக்கு உத்தரவு. எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் புலப்பட வரைபடத்தில் வராது.